பழைய டிஐ-84 பிளஸ்ஸில் முதல் புரோகிராம் எழுதுவது எப்படி

சிங்கப்பூரில் ஜேசி (தொடக்கக் கல்லூரி) கணக்குப் பாடத்துக்குக் கிராஃபிங் கால்குலேட்டர், அதாவது வரைபடமும் போட்டுக்காட்டும் கால்குலேட்டர், வேண்டும். அதன் இறுதித் தேர்வான ஏ லெவல் முடிந்த கையோடு நிறையப் பேர் அதை விற்றுவிடுவார்கள். அப்படி ஒரு டிசம்பரில் 25 வெள்ளிக்கு (டாலர்) டிஐ-84 பிளஸ் ஒன்று வாங்கினேன். இப்போது என் மேசை இழுப்பறையில் 11 கிடக்கின்றன. வீட்டில் 'கணக்குப்பிள்ளை' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"எதில் தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: டிஐ-84 பிளஸ். முதன்முதலில் வந்த கிராஃபிங் கால்குலேட்டரான காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி (1985) அலமாரிக்கு அழகு. ஆனால் புரோகிராமுக்கு மொத்தமே 422 பைட் இடம். டிஐ-81 (1990) கிடைத்தால் நானும் விடமாட்டேன். அதில் கேபிள் செருக வழியே இல்லை, எழுதியதைக் காப்பாற்ற நோட்டுப் புத்தகம்தான் துணை. எச்பி 48ஜிஎக்ஸ் என் தனிப்பட்ட செல்லம். ஆனால் 2, 3 இரண்டையும் முதலில் கொடுத்துவிட்டுக் கடைசியில் கூட்டல் குறியை அழுத்தும் அதன் முறை பழக ஒரு வாரமாவது ஆகும். 2004-இல் வந்த டிஐ-84 பிளஸ்ஸில் 15 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப், 24 கேபி ராம், 96-க்கு 64 புள்ளித் திரை. விளையாட இது தாராளம்.

வாங்கும்போது

எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் விற்பவரைப் பார்க்கப் போகும்போது பையில் 4 புது ஏஏஏ பேட்டரி இருக்கட்டும். முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். கம்பிச் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டால் போதும். பச்சை படர்ந்து உள்ளே இறங்கியிருந்தால் வேண்டாம்.

அடுத்தது திரை. ஆன் செய்தும் ஒன்றும் தெரியவில்லையா? உடனே 'செத்துப்போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். நான் ஒருமுறை அப்படி நினைத்து ஸ்க்ரூடிரைவரையே எடுத்துவிட்டேன். கான்ட்ராஸ்ட் அடியில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். நீல நிற 'செகண்ட்' பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு மேல் அம்பை அழுத்திப் பிடித்தால் வலது மூலையில் ஓர் எண் ஏறும், எழுத்தும் கறுக்கும். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் இதையே கீழ் அம்பில் செய்யுங்கள். அதற்கும் மசியாமல் செங்குத்தாகக் கோடு கோடாக வந்தால் திரைக்குப் போகும் இணைப்பில் கோளாறு. விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

புரோகிராம்

எழுதப்போவது எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கால்குலேட்டர் 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை மனசில் வைத்துக்கொள்ளும். நாம் சொல்லச் சொல்ல 'அப்', 'டவுன்' என்று வழிகாட்டும். (பொத்தான், கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் குழப்பம் வராது.)

பிஆர்ஜிஎம் பொத்தானை அழுத்தி, வலது அம்பால் 'நியூ'வுக்குப் போய் என்டர். பெயர் கேட்கும். 8 எழுத்துக்குள் எதையாவது வைத்து மறுபடி என்டர். முக்காற்புள்ளிபோல ஒரு குறியோடு வெற்று வரி வரும். அங்கே தட்ட வேண்டியது இது ('என்' ரகசிய எண், 'ஜி' நாம் சொல்லும் எண், 'சி' முயற்சிக் கணக்கு; ரிபீட்டுக்கும் எண்டுக்கும் நடுவில் இருப்பது ஜியும் என்னும் சமமாகும்வரை திரும்பத் திரும்ப ஓடும்):

ராண்ட்இன்ட்(1,100)→என்
0→சி
ரிபீட் ஜி=என்
இன்புட் ஜி
சி+1→சி
இஃப் ஜி<என்
டிஸ்ப் "அப்"
இஃப் ஜி>என்
டிஸ்ப் "டவுன்"
எண்ட்
டிஸ்ப் சி

இங்கேதான் நான் இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பச்சை நிற ஆல்ஃபா பொத்தானால் எழுத்து வருகிறதே என்று டிஸ்ப் என்ற கட்டளையை நான் டி, ஐ, எஸ், பி என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஓட்டினால் கண்டபடி பிழை. காரணம், கால்குலேட்டருக்கு அது கட்டளையே இல்லை. டி, ஐ, எஸ், பி என்ற நான்கு மாறிகளை ஒன்றோடொன்று பெருக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறது! பள்ளியில் ஏபி என்று எழுதினால் ஏ பெருக்கல் பி என்று படித்தோமே, அதே கதை.

இதில் கட்டளைகளைத் தட்டெழுதக் கூடாது, மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். எடிட்டருக்குள் இருக்கும்போதே பிஆர்ஜிஎம் பொத்தானை அழுத்தினால் வேறொரு மெனு வரும். அதில் சிடிஎல் பக்கத்தில் 1 இஃப், 6 ரிபீட், 7 எண்ட். ஐ/ஓ பக்கத்தில் 1 இன்புட், 3 டிஸ்ப். ராண்ட்இன்ட் மட்டும் மேத் பொத்தானுக்குள் பிஆர்பி பக்கத்தில் 5-ஆவது. சமம், பெரிது, சிறிது குறிகள் செகண்ட், மேத். அம்புக்குறி எஸ்டிஓ பொத்தான். மேற்கோள் குறி ஆல்ஃபா அழுத்திக் கூட்டல்.

சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. கர்சரை டிஸ்ப் மேல் வைத்து வலது அம்பை ஒருமுறை தட்டுங்கள். முழுச் சொல்லையும் ஒரே தாவலில் தாண்டினால் அது கட்டளை. எழுத்தெழுத்தாக ஊர்ந்தால் நீங்களும் என்னைப்போல் மாட்டிக்கொண்டீர்கள். தாவுவதற்குக் காரணம், அந்தச் சொல் முழுவதும் உள்ளே ஒரே பைட்டாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

செகண்ட், மோட் அழுத்தி வெளியே வாருங்கள். சேமிக்கத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். பிஆர்ஜிஎம், பெயரைத் தேர்ந்தெடுத்து என்டர், மறுபடி என்டர். கேள்விக்குறி வந்தால் ஜெயித்தாயிற்று. பிழை காட்டினால் 'கோட்டு' என்ற தேர்வை அழுத்துங்கள், தப்பான வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். நடுவில் நிறுத்த ஆன் பொத்தான்.

பாதிக்குப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 7 முயற்சிக்குள் எப்படியும் பிடித்துவிடலாம். என் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது தப்பு, இப்போது என்னோடு விளையாடவே மறுக்கிறான்.

'இஃப்' பற்றி ஒரு வார்த்தை: அதோடு 'தென்' என்ற கட்டளையும் போடாவிட்டால் அது அடுத்த ஒரே ஒரு வரியைத்தான் கட்டுப்படுத்தும். நமக்கு இங்கே அதுவே போதும்.

அழியாமல் வைக்க

புரோகிராம் இருப்பது ராமில். ஏஏஏ பேட்டரி மாற்றும்போது உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி அதைக் காப்பாற்றும். ரீசெட் செய்தால் யாரும் காப்பாற்ற முடியாது. அக்கா மகன் என் கால்குலேட்டரைத் தேர்வுக்கு இரவல் வாங்கிப் போனான். தேர்வுக்கு முன் ரீசெட் செய்வது அங்கே விதி. மூன்று வாரமாகச் செதுக்கிய பாம்பு விளையாட்டு அந்த ஒரு காலையில் போயிற்று. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால் செகண்ட், கூட்டல், 5 என்று அழுத்தி 'ஆர்க்கைவ்' கட்டளையை (ராமுக்கு வெளியே பத்திரமாக வைப்பது) எடுத்து, பிஆர்ஜிஎம் பட்டியலில் பெயரைக் காட்டி என்டர் கொடுங்கள். பெயருக்கு முன்னால் நட்சத்திரம் வந்தால் ராம் ரீசெட் அதைத் தொடாது. ஆனால் அந்த நிலையில் ஓட்ட முடியாது. மெனுவில் 6-ஆவதைக் கொண்டு வெளியே எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கணினியிலும் ஒரு பிரதி வேண்டுமென்றால் மினி யுஎஸ்பி கேபிள். பழைய கேமராவோடு வந்தது பொருந்தும். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவுக் கேபிள்களை ஒதுக்குங்கள், கணினி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

பிற்சேர்க்கை 1: ரிபீட் இருக்கும் இடத்தில் 'ஒயில்' (ஜியும் என்னும் வேறாக இருக்கும்வரை ஓடு என்று) போட்ட ஒருவருக்கு, சில சமயம் ஒன்றுமே கேட்காமல் விளையாட்டு முடிந்துவிடுகிறதாம். மாறிகள் எல்லாப் புரோகிராமுக்கும் பொது, பழைய மதிப்பு அப்படியே தங்கியிருக்கும். போன ஆட்டத்தின் ஜியும் இந்த ஆட்டத்தின் என்னும் தற்செயலாக ஒன்றாக அமைந்தால் ஒயில் உள்ளேயே நுழையாது. ரிபீட் ஒருமுறை ஓடிய பிறகுதான் சோதிக்கும். அதையே வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: தோழியர் இருவர் ஒரே நாளில் இரண்டு கால்குலேட்டர் வாங்கி, சுத்தமாக ரீசெட் செய்து, இதைத் தட்டி ஓட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே ரகசிய எண், அடுத்த ஆட்டத்திலும் ஒரே எண்! பேய் பிசாசு எதுவும் இல்லை. ரீசெட் செய்ததும் தற்போக்கு எண்களின் தொடக்க விதை (அந்த எண் வரிசை எதிலிருந்து பிறக்கிறதோ அது) 0-க்குப் போய்விடும், பிறகு எந்தக் கால்குலேட்டரிலும் அதே வரிசைதான். உங்கள் கைப்பேசி எண்ணின் கடைசி 4 இலக்கத்தைத் தட்டி, எஸ்டிஓ, மேத், பிஆர்பி பக்கத்தில் 1, என்டர். ஒருமுறை செய்தால் போதும், அடுத்த ரீசெட் வரைக்கும்.