கைவிடப்பட்ட கல்குவாரியின் கழிவுமண் கரையாமல் காப்பது எப்படி

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் கழிவுமண் ஓடைவழியே இறங்கிக் குளங்களைத் தூர்த்துவிடும். குளம் தூர்ந்தால் அதன் ஆயக்கட்டு வயலும் வாடும் என்பதால், ஜூன் பிறக்கும் முன்பே வேலையை முடித்துவிட வேண்டும்.

முதலில், மேட்டுநீர் குவியலின் மீது பாயாதவாறு அதன் தலைப்பகுதியில் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் கீழே எத்தனை தடுப்புகள் கட்டினாலும் பயன் குறைவே. நீர் அரித்த பள்ளங்களின் குறுக்கே கல்லடுக்குத் தடுப்பு அமைக்கும்போது, அதன் நடுப்பகுதி இரு ஓரங்களையும்விடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையெனில் வெள்ளம் ஓரத்து மண்ணை அறுத்துக்கொண்டு பாயும்.

சரிவில் சமமட்ட வரிசைகளாக வெட்டிவேர் நாற்றுகளை 15 செ.மீ. இடைவெளியில் நட்டு, அவை வேர்பிடிக்கும்வரை, இங்கு எளிதில் கிடைக்கும் தென்னைநார் வலையை விரித்து முளையடித்து வையுங்கள்.

அடிவாரத்தில் வண்டல் தங்கும் குழி வெட்டி, பாதி நிறைந்ததும் அள்ளிவிடுங்கள். மழைநாளில் குழியிலிருந்து வெளியேறும் நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்துப் பாருங்கள்: மணல் சில நிமிடங்களில் அடியில் தங்கிவிடும், கல்தூளோ பால்போல் கலங்கியே நிற்கும். கலங்கல் மிகுந்திருந்தால், நீர் தங்கி மெதுவாகச் செல்லும்படி குழியை நீளமாக்குங்கள்.