உள்ளாட்சித் தேர்தலுக்கு உங்கள் தெருவைத் தயார்படுத்துவது எப்படி?

உள்ளாட்சித் தேர்தல் தேதி வெளியான பிறகுதான் நம்மில் பலர் பட்டியலில் பெயரைத் தேடத் தொடங்குகிறோம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இந்தத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், அது வாக்காளர்களைப் புதிதாகக் கணக்கெடுப்பதில்லை. இந்தியத் தேர்தல் ஆணையம் சட்டமன்றத் தொகுதிகளுக்காகத் தயாரித்த பட்டியலை எடுத்து, அதையே வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. ஆகவே சட்டமன்றப் பட்டியலில் இல்லாத பெயர் வார்டுப் பட்டியலில் வர வழியில்லை. தெருவில் நாலு பேரைக் கூட்டி வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் அவர்களுக்கு விளக்க வேண்டியது இதைத்தான்.

முதல் படி: வீட்டுக்கு வீடு பெயரைச் சரிபார்த்தல்

"போன தேர்தலில் ஓட்டுப் போட்டேனே, பெயர் இருக்கும்" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.), இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்ற காரணங்களால் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. வாக்காளர் அடையாள அட்டை கையில் இருப்பதும் போதாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடினால், பாகம் எண்ணும் (பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிப் பகுதிக்குரிய எண்) வரிசை எண்ணும் கிடைக்கும். அந்த இரண்டையும் ஒரு நோட்டில் வீட்டு எண்ணுக்கு நேராக எழுதி வையுங்கள். கைபேசி பழக்கமில்லாதவர்களை 1950 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கச் சொல்லலாம்.

இரண்டாம் படி: எந்தப் படிவம் யாருக்கு?

அதிகத் தவறு நடப்பது இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். எந்தப் பட்டியலிலும் பெயரே இல்லாதவருக்குப் படிவம் 6. வேறு ஊரில் பெயர் இருந்து இங்கே குடிவந்தவருக்குப் படிவம் 8. பெயர், வயது, முகவரிப் பிழைகளைத் திருத்துவதற்கும் அதே படிவம்தான்.

திருமணமாகி வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும்; புகுந்த வீட்டில் எல்லோருடைய பெயரும் வரிசையாக இருக்க, அவருடையது மட்டும் இராது. அவசரத்தில் அவருக்குப் படிவம் 6 எழுதிக் கொடுத்தால், ஒருவருக்கே இரண்டு இடங்களில் பதிவு ஏற்பட்டுவிடும். தெரிந்தே பொய்யான உறுதிமொழி அளிப்பது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி தண்டனைக்குரியது. அவருக்கு வேண்டியது பழைய அட்டை எண்ணைக் குறிப்பிட்டு நிரப்பிய படிவம் 8. "முன்பு எங்கேயாவது ஓட்டு இருந்ததா?" என்ற கேள்வியை வாடகை வீட்டில் இருப்பவர்களிடமும் தவறாமல் கேளுங்கள்.

ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் ஒன்றில் 18 வயது நிறைந்திருந்தால் பட்டியலில் சேரத் தகுதி உண்டு. 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பத்தை ஒப்படைத்தல்

இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கையில் கொடுக்கலாம். ஒரே குடும்பத்தினரின் படிவங்களைச் சேர்த்துக் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் தெரு முழுவதற்கும் ஒருவரே கட்டாகக் கொண்டுபோனால் ஏற்கமாட்டார்கள். நம் வேலை உடனிருந்து நிரப்ப உதவுவது மட்டுமே. அண்டை வீட்டாரின் ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விண்ணப்பத்துக்குரிய குறிப்பு எண்ணை அவரவரே பத்திரப்படுத்தட்டும்.

நான்காம் படி: வார்டைச் சரிபார்த்தல்

வார்டுப் பட்டியல் வெளியானதும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் போய்ப் பாருங்கள். வார்டு எல்லை தெருவின் நடுவே செல்லும் இடங்களில் எதிரெதிர் வீடுகள் வெவ்வேறு வார்டுகளில் இருக்கக்கூடும். சட்டமன்றப் பட்டியலின் வரிசை எண் இங்கே பொருந்தாது. நோட்டில் புதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வாக்களிக்க அழைத்துச் செல்லுதல்

"ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?" என்பவருக்கு, சில நூறு பேர் மட்டுமே கொண்ட கிராம ஊராட்சி வார்டில் ஒற்றை வாக்கின் எடையையும், வாக்குகள் சமமாக வந்தால் குலுக்கலில் முடிவாகும் என்பதையும் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்தவர்களே இல்லாத நிலையையும் நாம் பார்த்திருக்கிறோம். 2016-இல் பதவிக்காலம் முடிந்தபின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் தொடங்கியது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 வரை தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் குடிநீர்க் குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் கேட்பதற்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள்.

நகர்ப்புற வாக்காளருக்கு வார்டு உறுப்பினருக்கான ஒரே வாக்கு. கிராமத்தில் நான்கு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். 2019-இல் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று தனித்தனி நிறத்தில் வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். முதல்முறை வாக்களிப்பவர் ஒரு சீட்டில் முத்திரை குத்திவிட்டு மற்றவற்றை வெறுமனே மடித்துப் போட்டுவிடக்கூடும்; ஆகவே முந்தைய நாள் மாலையில் நான்கு வெற்றுத் தாள்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சின்னத்தின் மேல் முத்திரையிட்டு, மை அடுத்த கட்டத்தில் ஒட்டாதபடி மடிக்கும் முறையைச் செய்து காட்டுங்கள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை மட்டும் பேசாதீர்கள்.