பழைய டுவெல்வ் போர் (12 என்ற குழல் அளவு) துப்பாக்கி: வயசும் விலையும் பார்ப்பது எப்படி?

அம்பை, கடையம் பக்கம் பழைய வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்துவிட்டால், "வெள்ளைக்காரன் காலத்துது, லட்சக்கணக்குல போகும்" என்றுதான் பேச்சு. போகலாம், போகாமலும் இருக்கலாம்.

லைசென்ஸ்தாரர் காலமாகியிருந்தால் வீட்டில் வைத்து ஆராயாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மீதியைக் கடையிலேயே பார்க்கலாம்.

வேண்டியவை: லென்ஸ், சின்ன டார்ச், மெல்லிய தாள், 2பி பென்சில். எமரித்தாளும் பிராஸோவும் கிட்டவே வரக் கூடாது. குழலைச் சோதித்துக் குத்திய முத்திரை தேய்ந்தால் விலையும் தேயும்.

லீவரைத் தள்ளி மடக்கி, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வரும்.

பலர் சறுக்குவது இங்கேதான். இரண்டு குழலையும் சேர்க்கும் மேல்பட்டையில் இருக்கும் பெயரை வைத்து வயசு சொல்லிவிடுகிறார்கள். ராடா, மாண்டன் என்று கல்கத்தா பெயர் இருந்தால் அது பெரும்பாலும் விற்ற கடை. செய்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்காமாக இருக்கும். 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்றிருந்தால் பேர்பெற்ற இங்கிலீஷ் கம்பெனி வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று துள்ள வேண்டாம். பெல்ஜியத்துச் சரக்காக இருக்கலாம்.

வயசு அடியில் இருக்கிறது. குழலைக் கவிழ்த்து, தோட்டா அறைக்குக் கீழே உள்ள தட்டையான இடத்தைத் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், பிள்ளைகள் காசு தேய்க்கிற மாதிரி. கண்ணுக்குப் பிடிபடாத கிரீடம்கூட எழும்பி வரும்.

கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்றால் பர்மிங்காம், 1904 முதல். 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டுக்கு ஆகாது) என்றால் 1875 முதல் 1887க்குள். அறை நீளம் 2½ அங்குலம் என்று குத்தியிருந்தால் 1925க்குப் பின். '3 டன்' என்று அழுத்த அளவு இருந்தால் 1954க்குப் பின். முட்டை வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்பது பெல்ஜியத்து லீஜ் நகரம். மேலே கிரீடமும் இருந்தால் 1893 முதல். இரண்டு காலத்து முத்திரை கலந்திருந்தால் மறுசோதனை நடந்திருக்கிறது. பழைய முத்திரையையே எடுங்கள்.

அடுத்து நிலைமை. குழலை அடிக்கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலித்தால் நல்லது. 'டொக்' என்றோ கரகரவென்றோ வந்தால் பட்டையின் பற்றாசு விட்டிருக்கிறது. முன்கட்டை இல்லாமல் பூட்டி ஆட்டிப் பாருங்கள். குழலின் பின்பக்கத்துக்கும் அது போய் முட்டும் பாடியின் முகத்துக்கும் இடையில் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் விலை இறங்கும். குழல், முன்கட்டை, பாடி எண்கள் ஒத்துப்போகாவிட்டாலும் அப்படியே.

சுடும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. (அதாவது 2½ அங்குல) அறைக்குள் சுகமாகப் போய்விடும், மடித்த வாய் சுடும்போதுதான் விரிகிறது. விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் எகிறும். அறை நீளம் குத்தாத துப்பாக்கியை 65 என்றே வையுங்கள். மரவரி மாதிரி சுழிசுழியாகத் தெரியும் டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டா வேண்டவே வேண்டாம்.

விலைக்கு லண்டன் ஏல விலை உதவாது. 1980களின் நடுவில் இறக்குமதி நின்றதால் நல்ல இங்கிலீஷ் துப்பாக்கிக்கு இங்கே தனி மவுசு. ஆனால் வாங்குகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆளுக்கு இரண்டுதான். பூவேலைப்பாடு போட்டு உள்ளே துரு அரித்ததைவிட, உள்ளே கண்ணாடியாக இருக்கும் சாதா பாக்ஸ்லாக்கே (சுடும் பொறி பாடிக்குள்ளேயே அடங்கிய வகை) மேல்.

பின்சேர்க்கை: தேங்காயெண்ணெய் பூசி வைக்காதீர்கள். கார்த்திகைக் குளிரில் உறைந்து, லாக்குக்குள், அதாவது சுடும் பொறிக்குள், பிசினாகப் பிடித்துக்கொள்ளும்.