தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறீர்களா? டெல்டாவுக்கான பாதுகாப்புச் செய்முறை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கமெல்லாம் தோட்டப் பராமரிப்பு இப்போது தனித் தொழிலாகிவிட்டது. கல்லூரி வளாகம், திருமண மண்டபம், கோயில் நந்தவனம், வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடு என்று நாலைந்து பேர் சேர்ந்து போய்ச் சுத்தம் செய்துவிட்டு வருகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் வயல் வேலை தெரிந்தவர்கள். வெயிலும் சேறும் அவர்களுக்குப் புதிதில்லை. ஆனால் சொந்த ஊர் வரப்பில் எங்கே பொந்து இருக்கிறது என்று தெரியும், அடுத்தவர் தோட்டத்தில் தெரியாது. இந்தத் தொழிலின் பாதி ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கும் மேஸ்திரிகள் நிறைய. என் கணக்கில் அது கடைசி வேலை. முதல் வேலை, இடத்தைத் தெரிந்துகொள்வது.

படி 1: முதல் நாளே கேளுங்கள்

வேலை பேசும்போதே கூலியோடு சேர்த்து இதையும் பேசுங்கள். போர்வெல் மோட்டாருக்கு வயர் மண்ணுக்கடியில் போகிறதா? செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது? பழைய கிணறு ஏதாவது கொடி மூடிக் கிடக்கிறதா? டெல்டாவின் பழைய வீடுகளில் கொல்லைக் கிணறு இல்லாத வீடு குறைவு. நாலைந்து வருடம் பூட்டிக் கிடந்த கொல்லையில் அது புல்லுக்குள் ஒளிந்திருக்கும். செப்டிக் டேங்க் சிலாபும் அப்படித்தான், உளுத்துப்போயிருந்தால் ஆள் ஏறியதும் உள்ளே போய்விடும்.

கழிப்பறையைத் திறந்துவிடுவார்களா என்றும் கேளுங்கள். இதை ஏன் பாதுகாப்பில் சேர்க்கிறேன் என்று படி 7-இல் சொல்கிறேன்.

படி 2: கருவியைத் தொடும் முன் ஒரு சுற்று

எல்லோரும் சேர்ந்து, கையில் நீளமான கம்போடு, இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கல், பாட்டில், கட்டுக் கம்பி, உடைந்த ஓடு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். கேட்டு வைத்த கிணறு, சிலாப், வயர் போகும் பாதை மூன்றுக்கும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்.

தென்னை மட்டைக் குவியல், செங்கல் அடுக்கு, சருகுமேடு இவற்றில் கையை விடவே கூடாது. முதலில் கம்பால் தட்டுங்கள், அப்புறம் மண்வெட்டியாலோ வாரியாலோ இழுங்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து வயலில் தண்ணீர் கட்டிய பிறகு, பாம்புக்கு மிஞ்சுவது வரப்பும் கொல்லை மேடும்தான்.

அண்ணாந்தும் பாருங்கள். பனையிலும் தென்னையிலும் கதண்டு, அதாவது பெரிய விஷக் குளவி, கூடு கட்டியிருக்கலாம். புல் வெட்டும் மெஷினின் சத்தமும் அதிர்வும் அதைக் கிளப்பிவிடும். பந்தம் கட்டிக் கொளுத்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் நிறுத்துங்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் அவர்களே வந்து அழிப்பார்கள். அதுவரை அந்த மரத்தடி வேலையைத் தள்ளிப்போடுங்கள். கதண்டு பல இடங்களில் கொட்டிவிட்டால், ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது, அது அன்றே தெரியாது.

படி 3: உடுப்பு

கைலி கட்டிக்கொண்டு மெஷின் பிடிக்கக் கூடாது. கழுத்தில் தொங்கும் துண்டும் வேண்டாம். பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவது நல்ல வழக்கம், முந்தானை சட்டைக்குள் அடங்கியிருக்க வேண்டும். காலுக்கு மூடிய ஷூ. மழைக்காலத்தில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஏனென்றால் எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீர் கால் வெடிப்பில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எல்லோருக்கும் போட்டிருக்கட்டும்.

படி 4: பிரஷ் கட்டர் (புல் வெட்டும் மெஷின்)

புதியவர்கள் அதிகம் அலட்சியம் செய்வது இதைத்தான். பார்க்க எளிதாக இருக்கும், தோளில் மாட்டி வீசினால் புல் விழும். ஆனால் சுழலும் நைலான் நரம்போ பிளேடோ ஒரு சின்னக் கல்லைத் தட்டினால் அது எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் மெஷின் ஓடும்போது 50 அடிக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. கூட்டிப் பெருக்குகிற அக்கா பின்னாலேயே வருவது நம் ஊரில் சகஜம். அது வேண்டாம், ஒரு பகுதி வெட்டி முடித்து, மெஷினை அணைத்த பிறகு அவர் வரட்டும்.

பிளேடுக்கு மேல் இருக்கும் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். நரம்பை நீளமாக விட்டால் ஒரு வீச்சில் அதிகம் வெட்டலாம் என்பது கணக்கு. தகடு இல்லாவிட்டால் கல் நேராக உங்கள் கண்ணுக்கும் காலுக்கும் வரும். இன்னும் மோசம், நரம்பு தீர்ந்ததும் கட்டுக் கம்பியைச் சுற்றி ஓட்டுவது. அறுந்த கம்பித் துண்டு தோட்டாதான். இதைச் செய்பவரை அன்றே மெஷினிலிருந்து இறக்கிவிடுங்கள், எவ்வளவு வேலைக்காரராக இருந்தாலும் சரி.

பெரும்பாலான மெஷின்களில் பிளேடு, பிடித்திருப்பவருக்கு இடஞ்சுழியாகச் சுற்றும். எனவே வலமிருந்து இடமாக வீசி வெட்டுங்கள். பிளேடின் முன்பக்க வலது மூலை கட்டையிலோ சுவரிலோ பட்டால் மெஷின் உதைத்துத் திரும்பும். கருவேலங்கன்று, மதிலோரம், தூண் பக்கம் வரும்போது வேகத்தைக் குறையுங்கள். புல் சிக்கினால் இன்ஜினை அணைத்து, பிளேடு நின்ற பிறகுதான் கை.

பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பீடி பற்றவைத்தவர் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணுக்கு முகமூடிக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். வெறும் கூலிங் கிளாஸ் கல்லைத் தாங்காது.

படி 5: ஏணி, தொரட்டி, கம்பி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இரும்புத் தொரட்டியும் அலுமினிய ஏணியும் மின்கம்பிக்குப் பக்கத்தில் உயிரை எடுத்துவிடும். ஆளோ, ஏணியோ, வெட்டும் கிளையோ கம்பிக்கு 10 அடிக்குள் வரும் என்றால் மின்சாரத்தை நிறுத்தாமல் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, அல்லது உங்கள் பகுதி அலுவலகத்தில் நேரில் சொல்லுங்கள். லைன்மேன் வந்து நிறுத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகே ஏறுங்கள். ‘கரன்ட் போயிருக்கிறது’ என்பது நிறுத்தியதாகாது, எந்த நிமிடமும் வரும். மூங்கில் தொரட்டி மட்டும் என்ன, ஈரமாக இருந்தால் அதிலும் பாயும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் மரமும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. புயல், பெருங்காற்றுக்குப் பிந்தைய துப்புரவு எப்போதும் அப்படித்தான் இருக்கும். அறுந்து கிடக்கும் கம்பி உயிரற்றது என்று நம்பாதீர்கள். விழுந்த மரத்தில் கிளைகள் வில் போல் வளைந்து இறுகியிருக்கும். வெட்டியதும் எந்தப் பக்கம் நிமிரும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நின்று அறுங்கள்.

நம் களிமண்ணில் இன்னொரு தொல்லை, ஈரமாக இருந்தால் ஏணியின் ஒரு கால் மட்டும் மெல்ல இறங்கும். அடியில் அகலமான பலகை போடுங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைத் தள்ளிச் சாய்த்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

படி 6: மருந்தும் பாலும்

பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். வீட்டுத் தோட்டத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் தேவையே இல்லை என்பது என் கட்சி. பாராகுவாட் களைக்கொல்லியைக் குழுவில் வைத்துக்கொள்ளவே வேண்டாம், அதன் விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று, காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், காலி டப்பாவில் குடிதண்ணீர் பிடிப்பதும் எக்காலத்திலும் கூடாது.

எருக்கு, கள்ளி, அரளி வெட்டும்போது பால் கண்ணில் தெறிக்கும். எருக்கம்பால் முதலில் அதிகம் வலிக்காது, பார்வை பிறகு மங்கும். உடனே கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் போங்கள். அரளிக் கட்டையைக் கொளுத்தாதீர்கள், புகையும் விஷம்.

படி 7: வெயில்

சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்துங்கள், மிச்சத்தை மாலையில் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, நாளுக்கு அதே அளவு கூட்டிப் போங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக அவ்வளவு நாளாகும். தண்ணீர், நீர்மோர், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தது.

கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். ‘தாகமில்லைங்க’ என்றுதான் சொல்வார்கள். மயங்கி விழுவதும், சிறுநீர்த் தொற்றும் அதில்தான் வருகிறது. அதனால்தான் முதல் நாளே கேட்கச் சொன்னேன்.

ஆள் குழறிப் பேசினால், உடம்பு கொதித்தால், நிழலுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

படி 8: பாம்பு கடித்தால்

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ஆகவே பாம்பைத் துரத்தி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், மெட்டி, கயிறு கழற்றி, கடித்த கை அல்லது காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு. பச்சிலையும் மந்திரிப்பும் நேரத்தைத்தான் தின்னும். கட்டு விரியன் கடி வலிக்காமலே இருக்கும், இமை தொங்கினால்தான் தெரியும். அதனால் ‘எறும்பு கடித்த மாதிரி இருந்தது’ என்று சொன்னாலும் கூட்டிப் போங்கள்.

படி 9: காகிதம்

1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. உங்கள் ஆட்களுக்குப் பொருந்தும் வாரியம் எது என்று மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்கு இருந்தால் வருடத்துக்கு 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீடு, 18 முதல் 70 வயது வரை சேரலாம், இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். இது ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை செல்லும். பணம் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும், இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும். மே மாதக் கூலி கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.