கூரை விளக்கும் டிம்மர் சுவிட்சும்: நிறத்தை நம்பாமல் அளந்து பொருத்தும் முறை

கோலாலம்பூரின் செந்தூல், செராஸ் வட்டாரங்களில் உள்ள பழைய வரிசை வீடுகளில் கூரை விளக்கை மாற்ற முனைவோரை முதலில் குழப்புவது வயரின் நிறம்தான். சுவருக்குள் ஓடும் பழைய வயர்களில் சிவப்பு லைவ் (மின்சாரம் வருவது), கருப்பு நியூட்ரல் (திரும்பிச் செல்வது), பச்சை எர்த் (பாதுகாப்புக்காகத் தரையோடு இணைப்பது). புதிதாக வாங்கும் விளக்கிலோ பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் சேர்ந்தது எர்த். மும்முனை மின்சாரம் உள்ள வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றுமே லைவ் வயர்களாக இருக்கக்கூடும் என்பதால், நீலத்தோடு நீலத்தைச் சேர்ப்பவர் தம்மை அறியாமலே நியூட்ரல் முனையில் லைவைக் கொடுத்துவிடுவார். எனவே நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் கொண்டு, முடிவை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரிடம் விடுவதே முறை.

இங்கே சொல்லப்படுவது, ஏற்கெனவே விளக்கும் சுவிட்சும் இருக்கும் இடத்தில் அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவது மட்டுமே. புதிய வயர் இழுப்பதும், புதிய விளக்கு முனை அமைப்பதும், மெயின் சுவிட்ச் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறந்து வேலை செய்வதும் பதிவு பெற்ற வயர்மேனின் பணிகள். அவற்றில் கை வைக்க வேண்டாம். விளக்கு, சுவிட்ச், டிம்மர் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) எதை வாங்கினாலும் மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவு என்று இணையத்தில் தருவிக்கும் டிம்மர்களில் பெரும்பாலும் இதுதான் இருக்காது.

விளக்குச் சுற்றின் எம்சிபியை (டி.பி. பெட்டியில் அந்தச் சுற்றுக்கு உரிய சிறு சுவிட்சை) மட்டும் இறக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளில் உள்ள எம்சிபி பொதுவாக லைவை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தே இருக்கும். அந்த நிலையில் நியூட்ரல் வயர் எர்த்தில் பட்டால் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம், விழுந்து (தானே அணைந்து) வீடே இருண்டுபோகலாம். அதைவிட மோசமானது, வேறொரு சுற்றின் நியூட்ரல் இந்த விளக்கோடு இணைக்கப்பட்டிருப்பது: இந்த எம்சிபியை இறக்கினாலும் அந்த வயரில் மின்சாரம் இருக்கக்கூடும். ஆகவே மெயின் சுவிட்சையே அணைத்து, டி.பி. பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டி, வீட்டாரிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறுங்கள். ஆர்சிசிபி இருக்கிறதே என்ற துணிச்சலும் கூடாது: பல வீடுகளில் விளக்குச் சுற்றுக்கு முன்னால் இருப்பது 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, உயிரைக் காக்க வேண்டுமானால் அது 30 மில்லி ஆம்பியருக்குள் விழ வேண்டும்.

அடுத்து, மின்சாரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் டெஸ்ட் பென் இதற்கு ஆகாது. அதன் விளக்கு எரியவில்லை என்பது மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்றல்ல. மெயினை அணைப்பதற்கு முன் மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து ஒரு பிளக் பாயிண்டில் சோதித்தால் ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும். அணைத்த பின் கூரையில் லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து, மூன்றிலும் சுழியம் வருவதைப் பாருங்கள். பழைய விளக்கைக் கழற்றும் முன் எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள். அப்படியும் எது எதுவென்று ஐயம் இருந்தால், வேலையை அங்கேயே நிறுத்தி வயர்மேனை அழைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

விளக்கின் எடையை வயர் தாங்கக் கூடாது. அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் கூரையில் துளையிட்டு ஆங்கர் பொருத்தலாம். பிளாஸ்டர் சீலிங்கில் திருகாணி நிற்காது. மேலே உள்ள மரச்சட்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். மிகப் பழைய வீட்டின் சீலிங் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்று தோன்றினால் துளையிடவே வேண்டாம். விளக்கு உலோகத்தால் ஆனதென்றால் எர்த் கட்டாயம். கூரையில் எர்த் வயரே இல்லையென்றால், சதுரத்துக்குள் சதுரம் குறியிட்ட, இரட்டைக் காப்புள்ள விளக்கைத் தேர்ந்தெடுங்கள். கனெக்டருக்குள் செம்பு முழுவதும் நுழையும் அளவுக்கு மட்டும் உறையை உரித்து, திருகாணியை இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். வெளியே ஓர் இழைகூடத் தெரியக் கூடாது.

டிம்மரைப் பொறுத்தவரை, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையன்று, பல்பு. 'டிம் ஆகும்' என்று பெட்டியில் குறிப்பிடாத எல்இடி பல்பை டிம்மரில் போட்டால் அது படபடக்கும், அல்லது சீக்கிரம் கெடும். டிம்மரில் குறைந்தபட்ச வாட் என்றொரு அளவும் உண்டு: 40 வாட் வேண்டும் என்கிற டிம்மரின் கீழ் 7 வாட் பல்புகள் மூன்றை மாட்டினால் 21 வாட்தான் சேரும், விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அதிகபட்ச அளவிலும் கவனம் வேண்டும், ஏனெனில் பழைய குண்டு பல்புக்கான எண் ஒன்றும் எல்இடிக்கான எண் ஒன்றும் வேறுவேறாக அச்சிடப்பட்டிருக்கும். பின்னது மிகவும் சிறியது.

சுவிட்ச் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு சிவப்பு வயர்கள்தான் இருக்கும்: ஒன்று உள்ளே வரும் லைவ், மற்றொன்று விளக்குக்குப் போவது. நியூட்ரல் அங்கே இருப்பதில்லை. ஆகவே நியூட்ரல் கேட்கும் ஸ்மார்ட் டிம்மரை வாங்கிவிட்டுத் திண்டாடாதீர்கள். டிம்மரில் எல் என்ற முனைக்கு லைவையும், அம்புக்குறியிட்ட முனைக்கு விளக்கு வயரையும் கொடுங்கள். ஒரே முனையில் இரண்டு லைவ் வயர்கள் சேர்ந்திருந்தால் ஒன்று அடுத்த சுவிட்சுக்குப் போவதாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்காமல் எல் முனையில் வையுங்கள். மாடிப்படி விளக்கைப் போல இரண்டு இடங்களிலிருந்து இயங்குவதற்கு இருவழி டிம்மர் வேண்டும். சாதாரண சுவிட்சைவிட டிம்மரின் முதுகு தடிமனானது என்பதால், சுவரில் பதித்த பெட்டியின் ஆழத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். வயரை நசுக்கி மூடுவது பிறகு வரும் பல கோளாறுகளுக்கு வேர்.

எல்லாவற்றையும் மூடிய பின்னரே மெயினைப் போடுங்கள். உடனே ஆர்சிசிபி விழுந்தால், எங்கோ வயர் நசுங்கி உறை கிழிந்திருக்கிறது, அல்லது நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. டிம்மர் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள். டிம்மரை அணைத்தும் எல்இடி மங்கலாக எரிந்தால் டிம்மரின் வழியே சிறு கசிவு இருக்கலாம். அதனால் பல்பு மாற்றும்போது டிம்மரை அணைத்தால் போதாது, எம்சிபியை இறக்க வேண்டும். இதே டிம்மரைக் கூரை மின்விசிறிக்கு மட்டும் மாட்டிவிடாதீர்கள்: மோட்டார் உறுமிச் சூடாகும், டிம்மரும் எரிந்துபோகலாம், விசிறிக்கென்றே ரெகுலேட்டர் தனியாகக் கிடைக்கிறது.