டெர்மினல் திறக்கவில்லையா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "அக்கா, டெர்மினல் திறக்கவே மாட்டேங்குது. கிளிக் பண்ணினா கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் ஒண்ணுமே இல்ல." நான் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பைதான் வெர்ஷனை மாத்தினியா?" என்று கேட்டேன். கைரேகை பார்த்துச் சொன்னது போல முழித்தான். ரேகையெல்லாம் ஒன்றும் இல்லை, அதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன், அவனைவிட ஆழமாக. இந்த ஆண்டில் மட்டும் இதே புகாரோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள் அவன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டி இயக்கும் சன்னல். கட்டளையில் எழுத்துப் பிழை, கடவுச்சொல் தட்டும்போது திரையில் எதுவும் தெரியவில்லை என்ற பதற்றம், இதெல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். உபுண்டுவையும் அதன் தாய்வீடான டெபியனையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக லினக்ஸுக்கு வருபவர்களில் நான் பார்க்கும் பெரும்பாலானோர் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

எது உடைந்தது என்று பார்க்காமலே கை வைப்பது

"டெர்மினல் வரல" என்பது ஒரு நோய் இல்லை, மூன்று நோய். சன்னலே திறக்கவில்லை என்றால் கோளாறு டெர்மினல் என்ற செயலியில். சன்னல் திறந்து கண் சிமிட்டுவதற்குள் மூடிக்கொண்டால் கோளாறு உள்ளே ஓடி, தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லில், பெரும்பாலும் அதன் தொடக்கக் கோப்பில். சன்னல் நிற்கிறது, ஆனால் மேலே இரண்டு மூன்று வரி பிழைச் செய்தி வருகிறது என்றால் அது நீங்களோ நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு மென்பொருளோ பாஷ்ஆர்சி கோப்பில் (பாஷ் என்ற ஷெல்லின் தொடக்கக் கோப்பு) எழுதிய வரி. மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு இணையத்தில் கிடைத்த மருந்தை மூன்றாவதற்குப் போட்டுவிட்டு, "இப்ப வேற மாதிரி வரல" என்று வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

சன்னல் திறக்காதபோது என்ன கோளாறு என்று அதனிடமே கேட்கலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கருப்புத் திரையில் லாகின் கேட்கும். அது வரைகலைத் திரையைச் சாராத தனிக் கதவு. திரும்பி வர அதே கூட்டணியில் எஃப்2, சில கணினிகளில் எஃப்1. அந்தக் கதவைக்கூடத் தேட வேண்டாம், நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோடு இருந்தால் அதற்குள் இருக்கும் டெர்மினல் பெரும்பாலும் திறக்கும். அங்கே க்னோம்-டெர்மினல் என்று டெர்மினல் செயலியின் பெயரைத் தட்டி இயக்கிப் பாருங்கள். ஐகானைச் சொடுக்கும்போது காற்றில் கரைந்துபோகும் பிழைச் செய்தி இப்போது முழுதாக உங்கள் முன்னே விழும். கடைசி வரியை முதலில் படியுங்கள்.

பைதான்3-ஐ மாற்றுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது என் கணினியில் உபுண்டு 18.04. அதோடு வரும் பைதான் நிரல்மொழியின் பதிப்பு 3.6. எனக்கு ஒரு வேலைக்கு 3.7 தேவைப்பட்டது, நிறுவினேன். அதுவரை எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பைதான்3.7 என்று முழுதாகத் தட்டச் சோம்பல். இரண்டு எழுத்தை மிச்சப்படுத்தத் தேடியபோது ஒரு வழிகாட்டி கிடைத்தது: அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்ற இணைப்பை 3.7 பக்கம் திருப்பிவிடுங்கள், அவ்வளவுதான், ஒரே வரி. போட்டேன். வேலை செய்தது. திறந்திருந்த சன்னலிலேயே சாயங்காலம் வரை வேலை பார்த்தேன், வீட்டுக்குப் போனேன், மறுநாள் காலை டெர்மினல் இல்லை.

ஏன் என்று அப்போது புரியவில்லை, இப்போது சொல்கிறேன். உபுண்டுவில் க்னோம்-டெர்மினல் என்ற பெயரில் நீங்கள் இயக்குவது உண்மையான டெர்மினலே இல்லை, அது ஒரு சிறிய பைதான் நிரல். அதன் முதல் வரியே பைதான்3-ஐக் கூப்பிடுகிறது. அந்த நிரல் ஜிஐ என்ற தொகுதியை ஏற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் அசல் டெர்மினலை எழுப்புகிறது. ஜிஐயின் ஒரு பகுதி சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த கோப்பு, அது 3.6-க்கென்றே செய்யப்பட்டது, கோப்பின் பெயரிலேயே 36 என்று இருக்கும். 3.7 வந்து 37 என்ற பெயரைத் தேடுகிறது. அப்படி ஒரு கோப்பு இல்லை. நிரல் அங்கேயே விழுந்துவிடுகிறது, டெர்மினல் எழுந்திருப்பதே இல்லை. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியோடு வாசலில் நிற்கிற கதைதான், பூட்டை மாற்றியதும் நாமே.

டெர்மினல் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. தவறான கட்டளை தட்டினால் "இதை நிறுவலாமே" என்று யோசனை சொல்லும் சிறு உதவி நிரலும் பைதான்தான், புதிய மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கும் கட்டளையும் பைதான்தான், அவை தேடும் ஆப்ட்-பிகேஜி தொகுதியும் இதே போல ஒரு பதிப்புக்கெனக் கம்பைல் ஆனது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழும். முதலில் டெர்மினல் கண்ணில் படுகிறது, அவ்வளவே.

இனிமேல்தான் எனக்கு எரிச்சல் மூட்டும் பகுதி. இதற்கு இணையத்தில் அதிகம் கிடைக்கும் வைத்தியம்: அந்த நிரலைத் திறந்து முதல் வரியில் பைதான்3 என்பதைப் பைதான்3.6 என்று மாற்று. இன்னொன்று: 36 என்று பெயர் கொண்ட கோப்புக்கு 37 என்ற பெயரில் இன்னொரு இணைப்பு போடு. இரண்டும் "வேலை செய்யும்". அதுதான் சிக்கலே. டெர்மினல் திறந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த அப்டேட்டில் திருத்திய கோப்பு பழையபடி எழுதப்படும், டெர்மினல் மறுபடி போகும், அதற்குள் மூன்று வாரம் ஆகியிருக்கும், என்ன மாற்றினோம் என்பதே ஞாபகம் இருக்காது. பாம்புக் கடிக்குப் பொட்டு வைத்தாற்போல.

நானோ அந்த வைத்தியத்தைக்கூடச் செய்யவில்லை, அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். பைதானால்தானே பிரச்சினை, அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று நினைத்து, மென்பொருள் நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் கட்டளையால் ஆப்ட் ரிமூவ் பைதான்3 என்று அடித்தேன். ஒரு நீண்ட பட்டியல் ஓடியது, இவையெல்லாம் நீக்கப்படும், சரியா என்று கேட்டது. படிக்கவில்லை. ஒய் அழுத்தினேன். பட்டியலில் க்னோம்-டெர்மினல் இருந்தது, உபுண்டு-டெஸ்க்டாப் இருந்தது, இன்னும் என்னவெல்லாமோ இருந்தன. மறுபடி தொடங்கியபோது வரைகலைத் திரையே இல்லை, வைஃபையும் இல்லை, கருப்புத் திரையும் ஒரு மினுக்கும் கோடும் மட்டும். அன்று மாலை ஒரு வாடிக்கையாளருக்கு டெமோ காட்ட வேண்டும்.

பதற்றத்தில் யூஎஸ்பியை எடுத்து, முழு வட்டையும் அழித்து உபுண்டுவைப் புதிதாக நிறுவினேன். அதோடு சர்வர்களுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவியும், வெளியே அனுப்பாமல் வைத்திருந்த ஒன்பது நாள் வேலையும் போயின. பிறகு தெரிந்துகொண்டது: ஆப்ட் சி++-இல் எழுதப்பட்டது, பைதான் போனாலும் அது சாகாது. போனை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் வழியே இணையம் வாங்கி, உபுண்டு-டெஸ்க்டாப் தொகுப்பை நிறுவியிருந்தால் ஒரு மணி நேரத்தில் எழுந்திருப்பேன், வீட்டுக் கோப்புறையில் ஒரு கோப்பும் போயிருக்காது. அந்த ஒன்பது நாள் வேலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சரி, நீங்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால்: எஃப்3 கதவு வழியாகவோ விஎஸ் கோடு வழியாகவோ உள்ளே போங்கள். உங்கள் உபுண்டுவுக்கு உரிய பதிப்பு எது என்று பாருங்கள். 18.04-க்கு 3.6, 20.04-க்கு 3.8, 22.04-க்கு 3.10, 24.04-க்கு 3.12. நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு, இணைப்பு உண்டாக்கும் எல்என் கட்டளையை எஸ், எஃப் என்ற இரு தெரிவுகளோடு கொடுத்து, /யூஎஸ்ஆர்/பின்/பைதான்3 என்ற இணைப்பை அந்தப் பதிப்புக்கே திருப்புங்கள். அதற்கு முன் ஆல்டர்நேட்டிவ்ஸில் நீங்கள் சேர்த்த பதிவுகளை ரிமூவ்-ஆல் கொடுத்து நீக்குங்கள். அது இணைப்பையும் சேர்த்துத் தூக்கிவிடும், பயப்படாதீர்கள், எல்என் அதைத் திரும்ப உண்டாக்கும். வரிசை மட்டும் மாறக் கூடாது.

புதிய பைதான் வேண்டும் என்றால் தாராளமாக நிறுவுங்கள், பழையதன் பக்கத்தில் இருக்கட்டும், முழுப் பெயரால் கூப்பிடுங்கள். திட்டத்துக்கு ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (அதற்கென்றே தனியான பைதான் சூழல்) உண்டாக்கினால் அதற்குள் வெறும் பைதான் என்று தட்டினாலே போதும். எனக்கிருந்த சோம்பலுக்கு அதுதான் மருந்து, அது அப்போதும் இருந்தது. இப்போதெல்லாம் கணினியின் சொந்தப் பைதானுக்குள், பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் எதையும் நிறுவ மறுக்கிறது, டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் அப்படி. அதை மீற ஒரு தெரிவு இருக்கிறது, பெயர் பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ். கணினியை உடைக்கிறேன் என்று பெயரிலேயே எழுதி வைத்த பிறகும் அதை வெட்டி ஒட்டிப் போடுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

பாத்தின் மேல் எழுதுவது

ஏதோ ஒரு மென்பொருளுக்காகப் பாஷ்ஆர்சியில் பாத் வரி (கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்வது) சேர்க்கிறீர்கள், பழைய பாத்தைக் குறிக்கும் டாலர் பாத் என்பதை விட்டுவிடுகிறீர்கள். புதிய சன்னலில் எல்எஸ் அடித்தால் கமாண்ட் நாட் ஃபவுண்ட். கோப்பைத் திருத்தும் நேனோவும் இல்லை, சூடோவும் இல்லை. எல்லாம் அழிந்துவிட்டது என்று தோன்றும், ஒன்றும் அழியவில்லை, முகவரிதான் தொலைந்தது. /யூஎஸ்ஆர்/பின்/நேனோ என்று முழு முகவரியோடு கூப்பிட்டால் வரும், அந்த வரியைத் திருத்துங்கள்.

இதே வரியை /ஈடிசி/என்விரான்மென்ட் கோப்பில் எழுதுவது இன்னும் மோசம். அது ஷெல் நிரல் இல்லை, அங்கே டாலர் பாத் என்று எழுதினால் விரியாது, அப்படியே எழுத்தாகவே நிற்கும். சில நேரம் லாகின் திரையே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

தொடக்கக் கோப்பில் எக்ஸிட்

யாரோ எழுதிய நிரலைப் பாஷ்ஆர்சியின் கடைசியில் ஒட்டுகிறீர்கள், அதன் முடிவில் எக்ஸிட் இருக்கிறது. சன்னல் திறந்ததும் மூடும். எஃப்3 கதவும் உதவாது, ஏனென்றால் உபுண்டுவில் அங்கே லாகின் ஆனாலும் ப்ரொஃபைல் கோப்பு வழியாக அதே பாஷ்ஆர்சிதான் படிக்கப்படும், உள்ளே விட்ட உடனே வெளியே தள்ளும். இதில் ஒரு முழு மதியத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். கோப்பு மேலாளரைத் திறந்து கன்ட்ரோல் எச் அழுத்துங்கள், மறைந்திருக்கும் கோப்புகள் தெரியும், பாஷ்ஆர்சியின் பெயரை மாற்றிவிட்டு டெர்மினலைத் திறங்கள். மாசற்ற பிரதி ஒன்று /ஈடிசி/ஸ்கெல் கோப்புறையில் எப்போதும் இருக்கும்.

பிழை எங்கே என்று தெரியவில்லையா? பாஷ் கட்டளைக்கு கழித்தல் என் போட்டுக் கோப்பைக் கொடுங்கள், இயக்காமல் இலக்கணம் மட்டும் பார்க்கும். "அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்" என்று கடைசி வரியைக் காட்டினால் கடைசி வரியை முறைத்துப் பார்க்காதீர்கள், மூடாத இஃப் எங்கோ மேலே இருக்கிறது.

ஷெல்லை மாற்றிவிட்டு அதையே நீக்குவது

பாஷுக்குப் பதிலான இசட்ஷெல் பிடித்திருந்தது, இயல்பு ஷெல்லாக்கினீர்கள், பிறகு பிடிக்கவில்லை, நீக்கினீர்கள். உங்கள் கணக்கு மட்டும் இன்னும் அதையே தேடுகிறது. வரைகலைத் திரைக்குள் ஏற்கெனவே இருந்தால் டெர்மினலின் விருப்பத்தேர்வுகளில் ஷெல்லுக்குப் பதில் /பின்/பாஷ் என்று கொடுத்துத் திறந்து, சூடோவோடு யூசர்மாட் கொண்டு கணக்கைப் பாஷுக்குத் திருப்புங்கள். வெளியே வந்துவிட்டால் ரெக்கவரி மோடுதான்.

லொக்கேல்

லொக்கேல் என்பது கணினியின் மொழி, எழுத்து அமைப்பு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கம் இல்லாத லொக்கேலில் க்னோம்-டெர்மினல் திறக்காது. தமிழோ ஆங்கிலமோ, அதன் குறியாக்கம் யூடிஎஃப்-8தானா பாருங்கள்.

விண்டோஸில் திருத்திய பாஷ்ஆர்சி

வரிக்கு வரி பின்சாய்கோடு ஆர் என்று திட்டும், விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும் குறி அது. அதை நீக்க டாஸ்2யூனிக்ஸ் போடுங்கள்.

பழைய சன்னலை மூடுவது

தொடக்கக் கோப்பைத் திருத்திய சன்னல் அப்படியே இருக்கட்டும். புதிதாக ஒன்றைத் திறந்து பாருங்கள், அது ஒழுங்காக வந்த பிறகு மூடலாம்.