கிரிட்டில் சேவையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைய டைரக்டரி இல்லாமல் கிரிட்டில் (பல இடங்களில் உள்ள கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து ஒன்றாகப் பயன்படுத்தும் அமைப்பு) எந்தச் சேவை எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கப் புதிதாக எழுத வருபவர்களின் டிசைனைப் பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் போர்டில் வரைந்த படமே திரும்பி வருகிறது. ஃபயர்வாலில் போர்ட் திறக்காதது, கடிகாரம் ஒத்துப்போகாதது எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஹாஷ் போட்டால் போதும் என்று நினைப்பது

கடெம்லியாவோ பேஸ்ட்ரியோ (பெயரை ஹாஷ் என்ற எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்குப் பொறுப்பான நோடில், அதாவது கம்ப்யூட்டரில், பதிவை வைக்கும் முறைகள்), பெயர் தெரிந்த சேவையை ஆயிரம் நோடுக்குள் பத்துத் தாவலில் எடுத்துக் கொடுத்துவிடும், சரி. ஆனால் கிரிட்டில் யார் பெயர் சொல்லித் தேடுகிறார்கள்? 16 ஜிபிக்குக் குறையாத மெமரி, 8 கோராவது வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ஷா-1 என்ற வழக்கமான ஹாஷைப் போட்டதும் 16 ஒரு மூலைக்கும் 17 இன்னொரு மூலைக்கும் போய்விடும். வரிசை கலையாத ஹாஷ் வேண்டும். 2003-இல் வந்த மான் என்ற அமைப்பு அதைத்தான் செய்தது.

காலி ஸ்லாட் எண்ணிக்கையை நம்பி வேலை அனுப்புவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. முகவரி, ஆபரேட்டிங் சிஸ்டம், மென்பொருள் பதிப்பு எல்லாம் எப்போதாவது மாறுபவை. காலி ஸ்லாட், அதாவது வேலை ஓட மிச்சமிருக்கும் இடம், நொடிக்கு நொடி மாறுவது. இரண்டையும் ஒரே பதிவில் திணித்து காஸிப்பில் (ஒவ்வொரு நோடும் பக்கத்து நோடுகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பரப்பும் முறை) பரப்பினால், எண் போய்ச் சேர்வதற்குள் பழசாகிவிடும், அந்தப் பழசைப் பார்த்து வேலையைப் பங்கிட்டு அனுப்பும் எல்லா ஷெட்யூலரும் ஒரே சைட்டில் போய் விழும்.

அதைவிட மோசம், டிஸ்க் நிரம்பிப்போன ஒரு நோட். வரும் வேலை எல்லாம் அங்கே சில நொடியில் செத்துவிடும், அதனால் அது எப்போதும் காலியாகவே தெரியும், காலியாகத் தெரிவதால் இன்னும் வேலை வந்து குவியும். கிரிட் ஆட்கள் இதை பிளாக் ஹோல் என்பார்கள். ராத்திரி அனுப்பிய சிமுலேஷன் மொத்தமும் காலையில் இப்படி ஒரே மெஷினில் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. அனுப்பிய மாணவி பாவம், தன் கோடில்தான் தப்பு என்று அதையே குடைந்துகொண்டிருந்தார்.

செர்ன் ஆய்வகத்தின் துகள் முடுக்கியான எல்எச்சிக்கான கிரிட்டில், நிலையை எடுத்துத் தரும் ஸ்கிரிப்ட் உடைந்தால் காத்திருக்கும் வேலைகள் 444444 என்று வெளியாகும். பார்க்க அசிங்கம்தான், ஆனாலும் புத்திசாலித்தனம்: அந்த எண்ணைப் பார்த்து வேலைகள் ஒதுங்கிப் போகும். உங்கள் கோடில் பதில் வராதபோது பூஜ்யம் போகிறதா என்று இன்றே பாருங்கள்.

தேடல், தகுதியுள்ள இடங்களின் பட்டியலைத் தருவதோடு நிற்கட்டும். காலியா இல்லையா என்பதை அந்த நோடே சொல்லட்டும். கிரிட்டில் வேலை அனுப்பும் மென்பொருள்களான டிராக், பாண்டா இரண்டும் இப்படித்தான். முதலில் பைலட் என்ற ஒரு சின்ன புரோகிராம் போய் இறங்கும், டிஸ்க்கும் மென்பொருளும் சரியா என்று பார்க்கும், அப்புறம்தான் உண்மையான வேலையை இழுக்கும்.

பதிவுக்கு ஆயுள் வைக்காதது

வையுங்கள். செத்த நோட் சொல்லிவிட்டுப் போகாது, ஆயுள் முடிந்தால்தான் அதன் பதிவு தானாக அழியும்.

டிடிஎல் 7

டிடிஎல் என்பது ஒரு கேள்வி எத்தனை தாவல் வரை பரவலாம் என்ற எல்லை. நுட்டெல்லா என்ற பழைய கோப்புப் பகிர்வு நெட்வொர்க்கில் 7 இருந்தது என்று நீங்களும் வைக்காதீர்கள். ஆளுக்கு 4 அண்டை நோட் இருந்தாலே ஒரு கேள்விக்கு 4000 மெசேஜுக்கு மேல் போகும்.

நுழைய ஒரே ஒரு ஐபி

புதிய நோட் வந்து சேர ஒரே முகவரிதான், அப்புறம் அதற்கு மையமில்லாத அமைப்பு என்று பெயர் வேறு. வெவ்வேறு சைட்டில் குறைந்தது மூன்று வையுங்கள்.